எங்க ஊரு ஹைஸ்கூல் ரிசல்ட்டு: போர்டுல எழுதாத கணக்கு

மே மாசம் பத்தாவது ரிசல்ட் வந்தா போதும், எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வாரத்துக்கு ஒரே சண்டை. எந்த ஸ்கூலு நூத்துக்கு நூறு, எந்த ஸ்கூலு தொண்ணூறு, யாரு புள்ள 480, எந்த வாத்தியாரு சரியில்ல, கவர்மெண்டு ஸ்கூலுன்னாலே இப்படித்தான், ஆமா பிரைவேட்டு மட்டும் என்னத்தக் கிழிச்சுருச்சுன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருப்பாக. அப்பறம் கந்தூரி வீடியோ, சர்ச் திருவிழா கொடியேத்தம், கல்யாண ஃபோட்டோன்னு குரூப்பு பழைய நெலமைக்கு வந்துரும். நானும் அதுல கொஞ்சம் எழுதிப் பாத்தேன், நாலு வரிக்கு மேல போனா ஒருத்தரும் படிக்க மாட்டேங்குறாக, அதான் இங்க எழுதுறேன்.

நம்ம ஊரு மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவுல, கடலோரம். ஸ்கூலு ஆறுல இருந்து பத்து வரைக்கும் உள்ள அரசு உயர்நிலைப்பள்ளி. பேரு போடல, போட்டா நாளைக்கு ஹெச்.எம். டீச்சர் மூஞ்சில முழிக்க முடியாது. நான் அங்க படிச்சவன், இப்ப ஸ்கூலுக்குப் பக்கத்துலயே ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஆன்லைன்ல எல்லா அப்ளிகேஷனும் போட்டுக் குடுப்பேன். முன்னாள் மாணவர்னு பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் என்னையப் போட்டுருக்காக. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று, ஸ்காலர்ஷிப்பு, புதுமைப் பெண், பேங்க் பாஸ்புக்கு ஜெராக்ஸுன்னு இந்த ஊரு பிள்ளைக எல்லாத்தோட பேப்பரும் எங்கடை மெசினுக்குள்ள ஒரு தடவையாச்சும் போயிட்டு வந்துருக்கும். வாத்தியாருமாருக்குத் தெரியாத சில சங்கதி எனக்குத் தெரியும்னா அது இந்த வழியாத்தான்.

மொதல்ல நல்லதச் சொல்லிடுறேன். 2018-ல மத்திய அரசு நாடு பூரா பின்தங்குன மாவட்டம்னு ஒரு லிஸ்ட் எடுத்தப்ப தமிழ்நாட்டுல இருந்து அதுல போனது ரெண்டே ரெண்டு, ஒன்னு விருதுநகர், இன்னொன்னு நம்ம ராமநாதபுரம். தண்ணியில்லாத காடு, டிரான்ஸ்பர் போட்டு தண்டிக்கிற ஊருன்னு சினிமாவுல வசனம் பேசி பேசி பழகிட்டாக. அதே ராமநாதபுரம் 2024 பத்தாவது ரிசல்ட்டுல மாநிலத்துலயே மூணாவது எடம், 96.36 சதவீதம். அரியலூரு, சிவகங்கைக்கு அடுத்து நாமதான். சென்னை, கோயம்புத்தூரெல்லாம் நமக்குப் பின்னாடி. அன்னைக்கு எங்கடையில டீ வாங்கிக் குடுத்தேன், சும்மா இல்ல.

ஆனா டீ குடிச்சு முடிச்சப்பறம் ஒரு கேள்வி வந்துச்சு. 96.36-ன்னா, எதுல 96.36?

பரீட்சை எழுதுனவங்கள்ல. அதாவது பேரு போயி, ஹால் டிக்கெட் வந்து, ஹாலுக்குப் போயி உக்காந்தவங்கள்ல. ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், ஆறாவதுல 50 பிள்ளைக சேருது, பத்தாவது பரீட்சைக்கு 38 பேரு உக்காருது, அதுல 36 பாஸு. ஸ்கூல் ரிசல்ட்டு 94.7, ஃப்ளெக்ஸ் அடிக்கலாம். ஆறாவதுல சேந்த 50-க்குப் போட்டா 72. ரெண்டும் உண்மைதான், ரெண்டுல எதை போர்டுல எழுதுறோங்குறதுதான் விசயம். அந்த 12 பேரும் படிப்ப விட்டுட்டாகன்னும் சொல்ல முடியாது, நாலு பேரு மெட்ரிக்குக்குப் போயிருப்பாக, ரெண்டு பேரு அம்மா ஊருக்குப் போயிருப்பாக. ஆனா மிச்சம் ஆறு பேரு? எட்டாவது வரைக்கும் ஃபெயில் கெடையாது, அதனால எட்டு வரைக்கும் கணக்கு நல்லா நிக்கும், ஒம்பதாவதுலதான் கரைய ஆரம்பிக்கும். டி.சி. வாங்கிட்டா எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவேடு) பேரு காமன் பூலுக்குப் போயிரும், அடுத்த ஸ்கூல்காரக அங்க இருந்து எடுத்துக்கிடணும். யாரும் எடுக்கலன்னா அந்தப் பேரு அங்கனயே கெடக்கும். அந்தப் புள்ள எந்த ஸ்கூல் ரிசல்ட்டையும் கெடுக்காது, ஏன்னா அது எந்த ஸ்கூல்லயும் இல்ல.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. 2023 மார்ச்சுல பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு தமிழ்நாடு பூரா ஏறக்குறைய 50 ஆயிரம் பேரு வரலன்னு செய்தி வந்து பெரிய அலப்பறை ஆச்சுல்ல. அந்த பேட்ச்சு கொரோனாவுல பத்தாவது பரீட்சையே இல்லாம ஆல்பாஸ் ஆன பேட்ச்சு. அப்ப எல்லாரும் அம்பதாயிரமான்னு வாயப் பொளந்தாக. எனக்கு என்னா தோணுச்சுன்னா, அந்த வருசமாச்சும் பேரு லிஸ்ட்டுல இருந்துச்சு, அதனால வரலன்னு தெரிஞ்சுச்சு. லிஸ்ட்டுலயே இல்லாதவன் வரலன்னா யாருக்குத் தெரியும்.

சரி, யாரு இந்த ஸ்கூல்ல படிக்கிறாக? இதுதான் குரூப்புல ஒருத்தரும் கேக்காத கேள்வி. அப்ளிகேஷன்ல தகப்பனார் தொழில்னு ஒரு கட்டம் இருக்கும். பாதிக்கு மேல "கூலி"ன்னுதான் எழுதச் சொல்லுவாக. போன வருசம் ஒரு பையன் வந்தான், ஒம்பதாவது, கையெல்லாம் வல அறுத்த கோடு, விரலு இடுக்குல உப்பு பூத்துக் கெடக்கு. அப்பா என்னடா வேல பாக்குறாருன்னேன். "கடலுக்குத்தாண்ணே போறாக." அப்ப மீனவர்னு போட்டுருவமான்னேன். "வேணாண்ணே, கூலின்னே போடுங்க, மீனவர்னு போட்டா அந்த அட்டை எங்க இந்த அட்டை எங்கன்னு கேப்பாக, அப்பா அட்டைய ரெனிவல் பண்ணல." அம்மா? "கடல்பாசி எடுக்கப் போகும்." அதுக்கு என்னான்னு போட? "அதுவும் கூலிதாண்ணே." இப்படித்தான் மேல போற கணக்குல எங்க ஊரு பூரா கூலி ஆயிருது. உப்பளத்துக்குப் போறவரும் கூலி, கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுறவரும் கூலி, பனை ஏறுறவரும் கூலி, அடுத்தவரு வல்லத்துல பங்குக்குப் போறவரும் கூலி. ஆனா இந்த நாலு வீட்டுப் பிள்ளையும் ஸ்கூலுக்கு வராத நாளு ஒரே நாளு இல்ல. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாசம்.

அந்த மாசக் கணக்கத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஆம்பளப் பசங்கள எடுங்க. கிழக்குக் கடக்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாளு. பத்தாவது பரீட்சை ஏப்ரல் பாதிக்குள்ள முடிஞ்சிரும். பரீட்சை முடிஞ்ச கையோட தடை ஆரம்பிக்கும், வீட்டுல வருமானம் நிக்கும். அரசாங்கம் குடுக்குற நிவாரணம் 8 ஆயிரம் ரூபா, அது ரெண்டு மாசத்துக்கு, அதுவும் எப்ப வருமுன்னு யாருக்கும் தெரியாது. மேக்குக் கரையில தடை ஜூன் மாசம்தான் ஆரம்பிக்கும், அதனால இங்க உள்ள ஆளுக ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்கு கேரளா, மங்களூருன்னு படகு வேலைக்குப் போறது ரொம்ப நாளா உள்ள பழக்கம். பரீட்சை எழுதுன பையன் சும்மாதான இருக்கான், சமையலுக்கு ஒரு ஆளு வேணும் வாடான்னு மாமாவோ சித்தப்பாவோ கூட்டிட்டுப் போயிருவாக. ரிசல்ட் வர்ற அன்னைக்கு அவன் மங்களூருல இருப்பான். ரிசல்ட் மெசேஜு ஸ்கூல்ல குடுத்த நம்பருக்கு வரும், அந்த ஃபோனு அப்பாட்ட இருக்கும், அப்பாவும் அவன்கூடத்தான் இருப்பாரு. அம்மா எங்கடைக்கு வந்து பொறந்த தேதிய ரேஷன் கார்டு பாத்துச் சொல்லும், ரெஜிஸ்டர் நம்பரு தெரியாது, ஹால் டிக்கெட்டு எங்க இருக்குன்னும் தெரியாது.

இப்ப ஜூனுக்கு வாங்க. ஸ்கூலு ஜூன் மொதல்ல தொறக்கும். 14-ம் தேதி ராத்திரியோட தடை முடியும். ரெண்டு மாசம் கடலு சும்மா கெடந்துருக்கும், அதனால மொத கடலுக்கு எறா நல்லா படும்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை, படகுக்காரக ஆளு தேடி வீடு வீடா வருவாக. வருசத்துலயே நல்ல பங்கு கெடைக்கிற நேரம் அதுதான். பத்தாவது பாஸான பையன் பதினொன்னுக்கு அட்மிஷன் போட வேண்டிய அதே வாரம் அவனுக்கு மண்டபத்துல ஒரு படகுல எடம் ரெடியா நிக்குது. ஒரே ஒரு பாடத்துல போனவன் கதை இன்னும் மோசம். துணைத் தேர்வு 2024-லயும் 2025-லயும் ஜூலை மொத வாரத்துலதான் நடந்துச்சு, அதுக்குப் படிக்கிறது எப்ப? ஜூன்ல. ஜூன் கடைசி பூரா அவன் கடல்ல. கணக்குல 28 எடுத்தவன், இன்னும் 7 மார்க்கு எடுத்தா பாஸு, அவனுக்கு ஒரு மாசம் யாராச்சும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா போதும். ஆனா அவன் கையில அந்த நேரம் காசு நிக்கிது. பதினஞ்சு வயசுல ஒருத்தன் அம்மா கையில காச எண்ணிக் குடுத்துட்டான்னா அப்பறம் அவன பெஞ்சுல உக்கார வைக்கிறது லேசு இல்ல, அது வாத்தியாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நம்ம ஆளுக உடனே, பசங்க கெட்டுப் போயிட்டானுக, செல்லு, போதைன்னு ஆரம்பிச்சிருவாக. செல்லு இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா 2024 பத்தாவதுல மாநிலம் பூரா பொம்பளப் பிள்ளைக 94.53, பசங்க 88.58. கிட்டத்தட்ட 6 சதவீதம் வித்தியாசம். செல்லு பொம்பளப் பிள்ளைககிட்ட இல்லையா? இது எழுதுனவங்களோட வித்தியாசம் மட்டுந்தான், எழுதாம போன பசங்களையும் சேத்தா இன்னும் எங்க போயி நிக்கும்னு யோசிச்சுக்கங்க.

இதுக்கு மேல இலங்கை நேவி புடிக்கிற கதை வேற. அப்பா புடிபட்டா வழக்கு, ஜெயிலுன்னு நாளு ஓடும், அதுக்குள்ள அந்த வீட்டுப் பையன் தாலுகா ஆபீசு, மீன்துறை ஆபீசுன்னு அம்மாகூட அலைவான், இல்லன்னா ரயில் மறியல்ல உக்காந்துருப்பான். 2018-ல அங்க சட்டத்த மாத்தி அபராதத்த ஏத்துனதுல இருந்து படகு போனா போனதுதான். படகுக்காரரு வீட்டுப் பையன் மெட்ரிக்ல இருந்து நம்ம ஸ்கூலுக்கு வருவான், அவரு படகுல பங்குக்குப் போனவரு பையன் நம்ம ஸ்கூல்ல இருந்து வேலைக்குப் போவான். எமிஸ்ல இதுக்கு ஒரு கட்டமும் கெடையாது.

பொம்பளப் பிள்ளைக கணக்கு வேற மாதிரி. எங்க பக்கம் அம்மாமாரு பாசிக்குப் போறது மாசம் பூரா கெடையாது, அமாவாசைய ஒட்டி ஒரு ஆறு நாளு, பவுர்ணமிய ஒட்டி ஒரு ஆறு நாளு, நீரோட்டம் பாத்துத்தான் போவாக. விடியக் கருக்கல்ல விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, இடுப்புல பையக் கட்டிக்கிட்டு தீவுப் பக்கம் போனா மத்தியானம் ஆயிரும் திரும்ப. மன்னார் வளைகுடா 21 தீவும் தேசியப் பூங்காவுல வருது, அதனால போற எடத்துல ஃபாரஸ்ட்காரக பயமும் உண்டு. அந்த நாள்ல வீட்டுல சோறு வைக்கிறது, தம்பியக் குளிப்பாட்டி அங்கன்வாடியில விடுறது எல்லாம் மூத்த பொண்ணு தலையில. மேலாண்மைக் குழு கூட்டத்துக்குப் போறப்ப ஒரு நாளு சும்மா அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரப் பொரட்டிப் பாத்தேன், எட்டாவது, ஒம்பதாவது பொம்பளப் பிள்ளைக ஆப்சென்ட்ட எடுத்து காலண்டருக்குப் பக்கத்துல வச்சா அமாவாச பவுர்ணமி தனியாத் தெரியுது. டீச்சர்கிட்டக் காட்டுனேன். "இவ்வளவு நாளா காய்ச்சல்னுதான் லீவு லெட்டர் வாங்கிட்டு இருக்கேன்"ன்னாங்க. அவங்க திருச்சிப் பக்கத்துல இருந்து வந்தவங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்.

ஆனா இந்தப் பிள்ளைக எழுதிருதுக. சாயங்காலம் நண்டு கம்பெனியில இருந்து வந்த அம்மாவுக்கு கை கால அமுக்கி விட்டுட்டு, பத்து மணிக்கு மேல உக்காந்து படிச்சு, மாதத்துல இத்தன நாளு லீவு போட்டும் 400-க்கு மேல எடுத்துருதுக. இதுகளுக்குப் பிரச்சன பத்தாவதுக்கு அப்பறம். நம்ம ஸ்கூலு பத்தோட முடிஞ்சிருச்சு, பதினொன்னுக்கு பஸ் ஏறணும். பஸ்ஸு ஃப்ரீதான், ஆனா வரணும்ல. காலையில அந்த ஒரு டவுன் பஸ்ஸ விட்டா ஆட்டோவுலதான் போகணும், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸு முடிஞ்சு வந்தா இருட்டிரும். இருட்டிருச்சுன்னா அப்பாவும் மாமாவும் யோசிக்க ஆரம்பிச்சிருவாக. பதினொன்னுல அரசாங்கம் சைக்கிள் குடுக்குது, நல்ல விசயந்தான், ஆனா அந்த சைக்கிள வாங்குறதுக்கு மொதல்ல பதினொன்னுல சேந்து அந்த ஸ்கூலுக்குப் போகணும். பத்தாவது பாஸு பண்ணி வீட்டோட நின்ன பிள்ளைய நம்ம ஸ்கூல் ரிசல்ட்டு வெற்றின்னுதான் காட்டும்.

புதுமைப் பெண் வந்ததுக்கப்பறம் கொஞ்சம் மாறியிருக்குங்குறதையும் சொல்லணும். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாக, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபா அது பேருக்கே பேங்க்ல விழும். பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. ஆயிரம் ரூபா ஒரு காசான்னு கேக்குறவங்க கடக்கரை ஊருல இருந்து பாக்கணும். அந்த ஆயிரத்த வச்சு ஒருத்தி அவ அத்தாகிட்ட (அப்பாகிட்ட), காலேஜுக்கு உங்ககிட்ட ஒத்த ரூபா கேக்க மாட்டேன்னு எங்கடையில நின்னே ஃபோன்ல சண்டை போட்டா. அத்தா துபாய்ல. கடைசியில அவ ஜெயிச்சா, இப்ப ராம்நாட்டுல பி.காம்.

மெடிக்கல் சீட்டுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல வந்ததுல இருந்து எங்கடைக்கு வேற ஒரு கூட்டம் வருது, அஞ்சாவது முடிச்ச பிள்ளைகளோட பெத்தவங்க. ஆறாவது எங்கண்ணே சேக்கலாம்னு கேப்பாக. எங்க பக்கம் கடக்கரையில ஹைஸ்கூல்ல பாதி அரசு உதவி பெறும் பள்ளி, ஒன்னு சர்ச் நடத்துறது, இல்லன்னா ஜமாத், டிரஸ்ட்டு நடத்துறது. அங்கயும் ஏழைப் பிள்ளைகதான் படிக்கிறாக, அதே கடலு, அதே கூலி. ஆனா 7.5 அவங்களுக்குக் கெடையாது, ஆறுல இருந்து அரசுப் பள்ளியா இருக்கணும். புதுமைப் பெண்ண மட்டும் 2024 கடைசியில உதவி பெறும் பள்ளியில தமிழ் வழி படிச்ச பிள்ளைகளுக்கும் நீட்டுனாக. அதனால இப்ப கொஞ்சம் விவரமான பெத்தவங்க, முக்கியமா வெளிநாட்டுல ஆளு உள்ள வீடுக, சின்ன வயசுல மெட்ரிக்ல படிக்க வச்சுட்டு ஆறாவதுக்கு நம்ம ஸ்கூலுக்குக் கொண்டாறாக. எனக்கு சந்தோசந்தான். கிளாஸுல நல்லாப் படிக்கிற நாலு பிள்ளை இருந்தா கூட உள்ளதுகளும் படிக்கும். ஆனா ஸ்கூலு ஸ்டேட்டஸ் போடுற 470, 480 எல்லாம் யாருன்னு பாத்தா பெரும்பாலும் இந்தப் பிள்ளைகதான், வீட்டுல டியூசனும் உண்டு. பாசிக்குப் போற வீட்டுப் பிள்ளை எடுக்குற 410-ம் இந்த 480-ம் ஒன்னுதான்னு நான் சொன்னா குரூப்புல அடிக்க வருவாக. வரட்டும்.

முகாம் பிள்ளைகளப் பத்தி ஒரு வார்த்த. மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாமுல இருந்து வர்ற பிள்ளைக, இங்கயே பொறந்து, இங்கயே பாலர்வாடி போயி, நம்ம தமிழே பேசுதுக. 2022-ல இலங்கையில விலைவாசி எகிறுனப்ப புதுசா படகேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. படிப்புல கெட்டி. ஆனா அப்ளிகேஷன் போடுறப்ப ஒவ்வொரு கட்டத்துலயும் முட்டும், சாதிச் சான்றுன்னு கேக்கும், குடியுரிமைன்னு கேக்கும். ஒரு பிள்ளை 450-க்கு மேல எடுத்துட்டு என்ன படிக்கலாம்னு கேக்காம எதுக்கு அப்ளை பண்ண விடுவாகன்னு கேட்டுச்சு. நம்ம பிள்ளைக கேக்குற கேள்வி அது இல்ல.

கலாம் ஐயாவ இங்க இழுக்காம இருக்க முடியாது, எங்க மாவட்டத்துல எந்த ஸ்கூல் விழாவுல மைக்கப் புடிச்சாலும் அவருதான். பேப்பர் போட்டுப் படிச்சாரு, படகு ஓட்டுனவரு மகன், நீங்களும் கனவு காணுங்க. சரி, காணுறாக. ஆனா ஒன்னச் சொல்ல மாட்டேங்குறாக. அவரு ராமேஸ்வரத்துல சின்ன கிளாஸு முடிச்சுட்டு ஹைஸ்கூலுக்கு ராமநாதபுரம் சுவார்ட்ஸுக்கு வந்தாரு, வீட்ட விட்டு வந்து தங்கிப் படிச்சாரு. எம்.ஐ.டி.யில சேர பணம் இல்லாதப்ப அக்கா ஜொகரா நகைய அடகு வச்சுக் குடுத்தாக. தங்க ஒரு எடம், அடகு வைக்க ஒரு நகை, குடுக்குற மனசுள்ள ஒரு அக்கா. இந்த மூணுல எது நம்ம ஒம்பதாவது பையன்கிட்ட இருக்குன்னு மைக்கப் புடிக்கிறவரு ஒரு தடவ கேட்டா நல்லாருக்கும். நகையெல்லாம் ஏற்கனவே வல வாங்கவும் எஞ்சினு ரிப்பேருக்கும் பேங்க்ல கெடக்குது.

வாத்தியாருமாரத் திட்டுறவங்களுக்கும் ஒன்னு. எங்க பக்கம் வர்ற வாத்தியாரு முக்கால்வாசி வெளி மாவட்டம். டிரான்ஸ்பர் கவுன்சிலிங் வந்தா சொந்த ஊருப் பக்கம் போகத்தான் பாப்பாக, அது மனுச சுபாவம். கணக்கு வாத்தியாரு போன எடம் காலியாவே கெடந்துச்சு, பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமா ஆளு போட்டோம், 15 ஆயிரம் சம்பளம், அதுவும் மாசாமாசம் ஒழுங்கா வராது. வந்த பொண்ணு நம்ம ஊருதான், நம்ம ஸ்கூல்ல படிச்சு பி.எட். முடிச்சது. நெசத்தச் சொன்னா பிள்ளைக அதுகிட்டத்தான் நல்லாப் படிச்சுச்சு, ஏன்னா எந்த வீட்டுப் பிள்ளை ஏன் வரலன்னு அதுக்குத் தெரியும், சாயங்காலம் போறப்ப அந்த வீட்டு வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டுட்டுப் போகும். பெர்மனென்ட் ஆளு வந்ததும் அதுக்கு வேல போயிருச்சு.

சரி என்னதான் பண்ணச் சொல்றன்னு கேப்பீக. போன மேலாண்மைக் குழுக் கூட்டத்துல நான் ரெண்டு விசயம் வச்சேன். ஒன்னு, ரிசல்ட் போர்டுல எழுதுனவர், பாஸ், சதவீதம்னு மூணு கட்டம் இருக்குல்ல, அதுக்கு முன்னாடி இன்னும் ஒரு கட்டம் போடுங்க, இந்த பேட்ச்சுல ஆறாவதுல சேந்தது எத்தன, அதுல வேற ஸ்கூலுக்குப் போனது எத்தன, எங்க போனாகன்னே தெரியாதது எத்தன. ஹெச்.எம். டீச்சர் சிரிச்சாங்க. "தம்பி, அத எழுதுனா மேல இருந்து கேள்வி வரும், பக்கத்து ஸ்கூலு எழுத மாட்டாங்க, அவங்க நல்ல ஸ்கூலு நாங்க மோசமான ஸ்கூலுன்னு ஆயிரும்." அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எல்லா ஸ்கூலும் எழுதுனாத்தான் இது சரிப்படும், அத நம்ம ஊரு கமிட்டி தீர்மானம் போட்டு நடத்த முடியாது.

ரெண்டாவது விசயம் நம்ம கையில உள்ளது. தடை முடியுற வாரத்துல இருந்து துணைத் தேர்வு முடியுற வரைக்கும், ஒரு பாடம் ரெண்டு பாடத்துல போன பசங்களுக்கு மட்டும் சாயங்காலம் கிளாஸு. கடலுக்குப் போறவன போகாதன்னு சொல்லப் போறதில்ல, சொன்னாலும் கேக்க மாட்டான். மண்டபத்துப் படகு தெனமும் போறதில்ல, ஒரு நாளு விட்டுத்தான் டோக்கன் போடுவாக, கரையில நிக்கிற அன்னைக்கு வரட்டும். அந்த பி.எட். பொண்ணு சொல்லிக் குடுக்க ரெடி. அதுக்கு ஏதாச்சும் குடுக்கணும், சும்மா செய்யச் சொல்றது அசிங்கம். ஜமாத்துல ஒரு பங்கு தர்றேன்னு சொல்லிட்டாக, சர்ச் கமிட்டி பேசிட்டுச் சொல்றேன்னு சொல்லிருக்காக, நாட்டாமை வீட்டுல இன்னும் பிடி குடுக்கல. எடம் ஸ்கூல்லயே தரலாமான்னு ஹெச்.எம். கேட்டுச் சொல்றேன்னுருக்காங்க, ராத்திரி ஆறு மணிக்கு மேல ஸ்கூல் கேட் சாவிக்கு யாரு பொறுப்புன்னு ஒரு பிரச்சன. அது ஆகலன்னா எங்கடைக்குப் பின்னாடி உள்ள ஷெட்டுல ஃபேன் மாட்டி உக்கார வச்சுருவேன்.

ரெகுலரா படிச்ச பசங்க துணைத் தேர்வுக்கு நம்ம ஸ்கூல்லயே போயி விண்ணப்பிக்கலாம், ரொம்ப நாளைக்கு முன்னாடி விட்டவங்க தனித்தேர்வரா சேவை மையத்துல போடணும், ரெண்டுக்கும் கடைசித் தேதி ரிசல்ட் வந்த கொஞ்ச நாள்லயே வந்துரும், ஜூன் வரைக்கும் இழுக்காதீக. மகன் மங்களூருல இருந்தாலும் பரவாயில்ல, அம்மாமாரு ஹால் டிக்கெட்ட எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு வாங்க, கூட வந்து நிக்க ஆளு வேணும்னா எனக்குச் சத்தம் குடுங்க. ஹால் டிக்கெட்டு தொலஞ்சிருந்தா பரீட்சைக்கு முன்னாடி எங்கடையில எடுத்த ஜெராக்ஸு மெசினுக்குப் பக்கத்துல அட்டப்பெட்டியில கெடக்கும், தேடித் தர்றேன்.